அவன் கேட்ட ஆல்பமும் நான் கேட்ட ஆல்பமும்

அவன் அமெரிக்கா போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. அங்கே அவன் வீடு வாங்கியபோது இருந்தது, வீட்டுக்கு முன்னால் காரோடு நின்று எடுத்த போட்டோவை அனுப்பியபோதும் இருந்தது. ஆனால் அதெல்லாம் எங்கள் பக்கத்தில் வேலைக்கு வெளியே போகாமல் நின்றுவிட்ட எல்லோருக்கும் பொதுவாக இருந்த வயிற்றெரிச்சல். எனக்கென்று தனியாக ஒன்று இருந்தது. நாங்கள் இருவரும் உயிரை விட்டுக் கேட்ட ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் பல வருஷம் கழித்துப் புது ஆல்பம் போட்டது. அதைப் பற்றி அவன் ஒரு அபிப்பிராயம் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அபிப்பிராயம் சொல்வது என் வேலை. அது இப்படித்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருப்பதியில் டிகிரி படித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். மூன்று பேருமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் விஜயபுரத்தான். குப்பம் பக்கத்திலிருந்து வந்தவன் குடுபல்லியான். மூன்றாமவன் வரதய்யபாளையத்தான். நான் ‘அவன்’ என்று சொல்வது இவனைத்தான்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கேசட் கடை இருந்தது. முழுக்கப் பக்திப் பாட்டு. மலைக்குப் போய் வந்தவர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து கூட்டமாக வாங்குவார்கள். அந்தக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி மட்டும் ஸ்டூலுக்குக் கீழே கிடந்தது. சென்னையிலிருந்து சரக்கோடு சரக்காக வந்த ஆங்கிலக் கேசட்டுகள் அதில் இருந்தன. மண்டையோடும் நெருப்புமாக அட்டை போட்ட ஒன்றை நான்தான் முதலில் கையில் எடுத்தேன். கடைக்காரர் அதைப் போட்டுக் காட்ட மாட்டேன் என்றார். பக்தர்கள் ஓடிவிடுவார்களாம். அப்படியே வாங்கிக்கொண்டு வந்து அறையில் போட்டேன். குடுபல்லியான் காதைப் பொத்திக்கொண்டான். வரதய்யபாளையத்தான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் என் பின்னாலேயே சுற்றினான். எது ரிதம் கிட்டார், எது லீட், டபுள் பேஸ் டிரம் என்றால் என்ன, இந்தப் பேண்டிலிருந்து யார் பிரிந்து போய் அந்தப் பேண்டை ஆரம்பித்தார்கள், எல்லாம் அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டி, நானே தெரிந்துகொண்டது.

இருவரும் முடி வளர்த்தோம். வேறு ஊராக இருந்தால் உதை விழுந்திருக்கும். திருப்பதியில் இளைஞன் ஒருவன் தோள்வரை முடி வைத்திருந்தால் யாரும் திட்டமாட்டார்கள். வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். டீக்கடையில் முன்பின் தெரியாத பெரியவர்கள்கூட என்னைப் பார்த்து, “ஏம் மொக்கு, நாயனா?” என்று தெலுங்கில் பரிவோடு விசாரிப்பார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள். பரீட்சை என்று சொல்லி வைப்பேன். என் முடி அவனுடையதைவிட ஒரு சாண் நீளம். அதில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

புது ஆல்பம் எது கையில் கிடைத்தாலும் எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருவோம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேசட்டைத் திருப்பிப் போடும்போதுகூடப் பேச்சு கிடையாது. முடிந்த பிறகு ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். குடுபல்லியான் எதைக் கேட்டாலும், “ஏதோ கத்திக்கினு கீறானுங்க, நல்லாத்தான் கீது,” என்பான். அடுத்து அவன் சொல்வான். கடைசியில் நான். நான் சொன்னால் முடிந்தது. அதற்குத் தீர்ப்பு என்றே பெயர். பக்கத்து அறைகளிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் இந்தப் பாட்டுப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் தீர்ப்புக்காகவே வந்து உட்காருவார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி நாலு பேர் கேட்டுக்கொண்ட இடம் அந்த அறை ஒன்றுதான்.

படிப்பு முடிந்தது. அவன் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் படித்தான், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான், விசா வாங்கினான். எல்லாம் படிக்கட்டு ஏறுவதுபோல வரிசையாக நடந்தது. அதே கம்ப்யூட்டர் படிப்புக்கு நானும் பரீட்சை எழுதினேன். எனக்கு இடம் கிடைக்கவில்லை. சித்தூரில் ஒரு பால் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்தேன்.

விசா வந்ததும் அவன் அம்மா, தான் வேண்டிக்கொண்டிருந்ததைச் சொன்னார். அவன் மலைக்குப் போய் முடி இறக்கினான். துணைக்கு நானும் போனேன். இத்தனை வருஷம் எங்களிடம் பெரியவர்கள் கேட்ட வேண்டுதல், அவன் விஷயத்தில் உண்மையாகவே இருந்திருக்கிறது. அவன் முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனிமேல் இவன் எந்த மெட்டல்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “வளந்துரும்டா, அங்க போனா வளந்துரும்,” என்றான். வளர்ந்தது. அதுவும் போட்டோவில் வந்தது.

பிறகு அந்தப் பேண்ட் புது ஆல்பம் போட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் எந்தக் கடையிலும் அது வரவில்லை. அவன் அங்கே ஒரிஜினல் கேசட் வாங்கி, கல்யாணத்துக்கு வரதய்யபாளையம் வந்த தன் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டான். எனக்கு இல்லை, அவனுடைய தம்பிக்கு. நான் கேட்டால் ஒரு நாள் கொடுக்கச் சொல்லி இருந்தானாம். ஒரு நாள். அந்தத் தம்பிக்கு மெட்டலும் தெரியாது, மண்ணும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு போய் வாங்கினேன். அங்கிருந்து பஸ் ஏறி, பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குப் போனேன். இரண்டு டேப் ரெக்கார்டர் இருந்தது அங்கேதான். ஒன்று என் அப்பா, நைனா, வாங்கிய பழைய பெரிய செட், கரண்டில் மட்டும் ஓடும். இன்னொன்று என்னுடையது.

அது வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாயும் நேரம். எங்கள் பக்கத்தில் பயிருக்கு விடும் த்ரீ பேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். வந்ததும் ஊரில் உள்ள போர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும். பல்பு மினுக்கும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் பதிவு செய்யும் என் டேப் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டேன். பதிவு கெட்டுப் போகக் கூடாது என்று அவ்வளவு யோசித்தேன். நைனாவின் செட்டைக் கரண்டில் செருகி அதில் ஒரிஜினலைப் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒயர் கொடுத்தேன்.

நைனா காலையிலிருந்து கழனியில் இருந்துவிட்டு அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். நான்கு வாய் சாப்பிடுவதற்குள் எழுந்துவிட்டார். “இன்னாடா இது, நாயி ஊளவுடற மாதிரி கீது. சாமி கீற ஊட்ல போட்ற பாட்டா?” என்று சொல்லிக்கொண்டே எங்கள் மோட்டார் போடப் போய்விட்டார்.

மறுநாள் ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குக் கேசட்டோடு போனேன். குடுபல்லியான் அப்போதும் அதே மாடியறையில்தான் இருந்தான், வேலை தேடிக்கொண்டு. பழைய ஆட்களில் மிச்சமிருந்தவர்கள் வந்தார்கள். கேசட்டைப் போட்டோம்.

என்ன சொல்வது? அப்படி ஒரு கனத்தை நான் கேட்டதே இல்லை. இந்தப் பேண்ட் வேகத்துக்குப் பேர் போனது. வேகத்தை மொத்தமாக விட்டிருந்தார்கள். கிட்டார் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு இடம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று முழங்கால் மடங்கி உட்காரும். எல்லா வாத்தியமும் குரலும் சேர்ந்து அப்படியே கீழே போகும். பிறகு மெல்ல எழுந்து, பழைய பலம் இல்லாமல் நடக்கும். அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குடுபல்லியான் மட்டும், “இன்னா மாமா, பொணம் தூக்கினு போற மாதிரி போறானுங்க,” என்றான். தெலுங்குக்காரப் பையன் ஒருவன், “பாகுந்தி, கானீ சாலா பருவு,” என்றான். நல்லாயிருக்கு, ஆனால் ரொம்பப் பாரம் என்று. நான் தீர்ப்புச் சொன்னேன். இவ்வளவு நாள் அவர்கள் ஓடிக் காட்டினார்கள், இப்போதுதான் நிற்கத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், இதுதான் அவர்களுடைய உச்சம் என்றேன். மூன்றாவது பாட்டில் அந்த இடத்தைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பழைய நாட்கள் திரும்ப வந்ததுபோல இருந்தது.

அதையெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவனுக்கு எழுதினேன். பெருமையோடுதான் எழுதினேன். அவன் பதில் போட்டான். ஆல்பம் படுமோசமாம். பரபரவென்று ஓடுகிறதாம், ரேடியோவுக்காகப் பளபளவென்று செய்திருக்கிறார்களாம், கனமே இல்லையாம். போன மாதம் அவர்களை மேடையிலேயே பார்த்தானாம், அங்கேயும் அப்படித்தான் ஓடினார்களாம். மூன்றாவது பாட்டில் நான் சொல்லும் இடம் எது என்று அவனுக்குப் புரியவில்லையாம்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. மேடையில் பார்த்தானாம்! அவர்களை நேரில் பார்த்தவன் அவன், ஒரிஜினலைக் கடையில் வாங்கியவன் அவன், தீர்ப்பும் அவனே சொல்வானாம். டபுள் பேஸ் டிரம் என்றால் இரண்டு டிரம்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். சீமைக்குப் போனதும் காதும் மாறிவிட்டது என்று குடுபல்லியானிடம் பொருமினேன். “வுடு மாமா, பாட்டுதானே,” என்றான் குடுபல்லியான். அவனுக்கு அது பாட்டுதான்.

எனக்கு ஆதரவாக உலகத்தில் ஒருத்தனாவது இருப்பான் என்று இண்டர்நெட்டில் தேடினேன். அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் அபிப்பிராயம் எழுதும் பக்கங்கள் இருந்தன. நார்வேக்காரன், பிரேசில்காரன், ஜப்பான்காரன் எல்லோரும் எழுதியிருந்தார்கள். சிலருக்குப் பிடித்திருந்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் வேகம், வேகம் என்றே எழுதியிருந்தார்கள். ஒருத்தனும் கனத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தனும் மூன்றாவது பாட்டின் நடுவைப் பற்றிப் பேசவில்லை. நானும் ஒரு அபிப்பிராயம் எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கீழே ஒரு பதில் இருந்தது: நீ கேட்டது எந்த ஆல்பம்?

உலகத்துக்கே காது இல்லை என்று முடிவுகட்டினேன். அந்தக் கேசட்டை வருஷக்கணக்கில் தனியாகக் கேட்டேன். எனக்குக் கல்யாணம் ஆனது, முடி கொட்டியது, குழந்தை பிறந்தது. அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தன் மகனுக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு அவன் ஊருக்கு வந்தான். மலையிலிருந்து இறங்கியதும் மனைவியையும் பிள்ளையையும் திருப்பதி லாட்ஜில் விட்டுவிட்டு, என் வீட்டில் சாப்பிட வருகிறேன் என்றான். நான் திருப்பதிக்கே போய் அவனோடு காரில் சித்தூர் திரும்பினேன். வாடகைக் கார், ஏசி, சிடி பிளேயர். அவன் தலை நிறைய முடியோடு இருந்தான். சந்திரகிரி தாண்டியதும் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, “உன் உச்சம்டா இது,” என்று சிரித்தபடி போட்டான்.

எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள் மாதிரி ஒரு பாட்டு. பாடுகிறவன் குரல் மீசை முளைக்காத பையன் குரல். வார்த்தைகள் மட்டும் எனக்கு மனப்பாடமானவை. மூன்றாவது பாட்டு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வந்தது, ஒன்றுமே நடக்காமல் போனது. பாட்டு எங்கேயும் உட்காரவில்லை.

பூதலப்பட்டு வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊர் மோட்டார்கள் அத்தனையும் ஓடி, நைனாவின் செட் இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறது. புது பேட்டரி போட்ட என் டேப் ரெக்கார்டர் அந்த இழுப்பைக் கொஞ்சமும் பிசகாமல் பதிந்துவிட்டது. சினிமாப் பாட்டு இழுத்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். யாரும் கேட்டிராத பாட்டு இழுக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? மூன்றாவது பாட்டு உட்கார்ந்த இடம், நைனா எழுந்து போய் எங்கள் மோட்டாரைப் போட்ட இடம்.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இருந்த ஒரே மரியாதை என் காதுதான். அதுவும் போனால் அவனுக்கு முன்னால் நான் யார்? சாப்பிட்டுக் கிளம்பிவிட்டால் போதும் என்று இருந்தேன். ஆனால் சோறு போடுவதற்குள் அவன் அலமாரியில் கேசட்டைப் பார்த்துவிட்டான். பக்கத்திலேயே டேப் ரெக்கார்டர். “இதானே நீ கேட்டது?” என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் போட்டுவிட்டான்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். “அடப்பாவி, டேப்பு இழுக்குதுடா. இத்த கேட்டுக்கினா எனக்கு அவ்ளோ பெரிய மெயில் போட்ட?” எனக்கு முகம் எரிந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். இரண்டாவது பாட்டில் சிரிப்பு நின்றது. மூன்றாவது பாட்டு உட்கார்ந்ததும் அவன் கையை நீட்டி நிறுத்தினான். ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டான். இன்னொரு தடவையும் கேட்டான். அதற்குள் பரிமாறிய சாம்பார் இலையில் ஆறிப்போனது.

“இதான்டா பாட்டு,” என்றான். “நான் எத்தினி வருசமா தேடிக்கினு கீறேன் தெரியுமா? இவனுங்க இப்டி ஒன்னு போட மாட்டானுங்களான்னு. நீ இங்க உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருந்திருக்க.”

அவன் முகத்தைப் பார்த்தேன். உதட்டை உள்ளே மடித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி, பொறுத்துக்கொள்வதுபோல ஒரு முகம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். வருஷக்கணக்கில் கண்ணாடியில் பார்த்து நான் சவரம் செய்தது அதைத்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட நான் முயலவில்லை.

“ஒரு காப்பி போட்டுக் குடுறா,” என்றான்.

“தரமாட்டேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். கிளம்பும்போது மறுபடி கேட்டான். காரில் ஏறிவிட்டுக் கண்ணாடியை இறக்கியும் கேட்டான். தரமாட்டேன் என்றேன். என் மனைவி பக்கத்தில் நின்று, “இதுக்குப் போயி இப்டி பண்றீங்களே,” என்றாள். அவன் கார் திரும்புகிறவரை வாசலில் நின்றேன்.

பிறகு மெயில் வந்தது. சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வேகத்தைக் குறைத்துப் பார்த்தானாம். குரல் கிணற்றுக்குள் இறங்கியதாம், கனம்கூட ஓரளவு வந்துவிட்டதாம். ஆனால் மூன்றாவது பாட்டில் அந்த இடம் மட்டும் எப்படிச் செய்தும் வரவில்லையாம். கை வைத்தது தெரிகிறதாம். அது எப்படி விழுந்தது என்றாவது சொல்லு என்று எழுதியிருந்தான்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். நைனா கழனியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். பாதி அவருக்குப் புரியவில்லை. அவர் மோட்டார் போட்டபோது பாட்டு உட்கார்ந்த இடத்தை அமெரிக்காவில் ஒருத்தன் செய்து பார்த்து முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

“அங்க லோ வோல்டேஜே வராதா?” என்றார்.

“வராது நைனா.”

“அப்பறம் அவனுக்கு எங்கேருந்து வரும்?” என்றார். கரண்ட் வந்தது. எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேசட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த மெயிலுக்கு நான் பதில் போடவில்லை.